நாலு விரல் இடைவெளி

"டங்" என்று எங்கள் தெருவில் ஒரு சத்தம் கேட்டதே, அது டயர் வெடித்த சத்தம் இல்லை. டயருக்கு அன்று காலைதான் நானே காற்றுப் பிடித்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பயந்து வெளியே ஓடிவந்தாரே, அவர் நினைத்த மாதிரி கேஸ் சிலிண்டரும் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஸ்பிரிங், தன் சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டி, இனிமேல் அமுங்க இடமில்லை என்று சொன்ன சத்தம் அது. அந்தச் சத்தத்துக்காக நான் நெடுநாள் காத்திருந்தேன். அதனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைப்பற்றி என்னிடம் இதுவரை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. ஆனால் முறிந்த மட்கார்டைச் சரிசெய்ய வந்த டிங்கரிங் ஆள், ஸ்பிரிங்குக்கு அடியில் இருந்த இரும்பு வளையங்களைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயில் எதுவும் தங்காது. கண், காது, மூக்கு வைத்து உங்களிடம் வந்து சேர்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. யோசித்தது, செய்தது, முடித்தது எல்லாம் நான் ஒருவன்தான்.

நான் ஷாக் அப்சார்பர் வேலை மட்டும் பார்ப்பவன். இன்ஜினைத் தொட மாட்டேன். கனமான ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் படுத்துவிடாமல், அவர் எடைக்குத் தகுந்த மாதிரி அமைத்துக் கொடுப்பது என் தொழிலில் பாதி. வண்டிகளுக்கு முதுகெலும்பு வைத்தியர் என்று என்னை நானே சொல்லிக்கொள்வதுண்டு. மற்றவர்கள் இன்னும் சொல்ல ஆரம்பிக்கவில்லை.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. பெரிய கட்டடங்களில் லிஃப்ட்டைப் பரிசோதித்து, இத்தனை பேர் ஏறலாம் என்று சான்று கொடுக்கிற உத்தியோகம். நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் மேல் எனக்கு ஏதோ பகை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவருடைய வண்டி மட்டும்தான்.

அது என் மாமனாரின் வண்டி. நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று வாசலில் நின்றிருந்தது. கறுப்பு டேங்க், முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம் போன்ற சைலன்சர், அகலமான சீட். ஸ்டார்ட் செய்தால், சபையில் பேசுமுன் பெரிய மனிதர் தொண்டையைச் செருமுவது போல ஒரு ஒலி. உள்ளே போய் உட்கார்ந்ததும் மாமனார், "பொண்ணப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். நான், "எந்த வருஷத்து மாடல்?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. நினைவாற்றல் நல்லதுதான், ஆனால் எதை நினைவில் வைப்பது என்று ஒரு வரைமுறை வேண்டாமா?

மாமனார் காலத்துக்குப் பிறகு வண்டி மச்சானுக்குப் போனது. என் மனைவிக்கும் ஓட்டத் தெரியும். சொல்லப்போனால் மாமனார் அந்த வண்டியில் முதலில் கற்றுக்கொடுத்ததே அவளுக்குத்தான். ஆனால் சாவி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சி இப்படித் தொங்குது? தாங்குற ஆளுக்குத்தான் வண்டின்னு அப்பா சொல்லுவாரு. என்னால முடியாதுன்னு இந்த வண்டி என்னைக்கு சொல்லுதோ, அன்னைக்கு சாவி உங்க வீட்டுக்கு வந்துரும். போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒருவர் வாக்குக் கொடுக்கும்போது சிரிப்பது மரியாதை இல்லை.

அந்தச் சமயத்தில் மச்சான் அவ்வளவு கனமில்லை. கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். பிறகு ஒரு நாள் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். எடை பார்க்கும் மெஷின் மச்சானுக்கு ஆகாது. அவர் ஏறினாலே மெஷின் தப்பாகக் காட்டும் என்பது அவர் கட்சி. லிஃப்ட்டிலும் அதே கதைதான். அவர் உள்ளே போனதும் அது கத்த ஆரம்பித்தால், 'சென்சார் கோளாறு' என்று எழுதி நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கப் படியில் இறங்கி வருவார்.

அதனால் அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் காலத்திலிருந்தே, ஆள் உட்கார்ந்த பிறகு பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மச்சானை வாசலில் வண்டிமேல் உட்காரச் சொல்லி, அக்கா குனிந்து கையை நுழைப்பார். நாலு விரல் போனால் அந்த வாரம் இஷ்டப்பட்ட சாப்பாடு. மூன்று விரல் என்றால் உப்பில்லாமல் வேகவைத்த காய்.

"மூணுதாங்க போகுது."

"உன் விரல் தடிச்சுப்போச்சு. எண்ணெய் போட்டுப் பாரு."

"டயருக்குப் போடவா, உங்க வாய்க்குப் போடவா?"

இப்படி வேகவைத்த காயைத் தொடர்ந்து தின்ற பிறகுதான் மச்சான் என் பட்டறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். ஸ்டூலின் நன்மைக்காக இருக்கலாம்.

"மாப்பிள்ளை, பின்னாடி லேசா படுத்த மாதிரி இருக்கு. கொஞ்சம் நிமித்தி விடுங்களேன்."

"உங்க வெயிட் எவ்வளவு மச்சான்?"

"போன தடவ பார்த்த அதே வெயிட்தான்."

"போன தடவ எப்ப பார்த்தீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. அளந்தேன். இந்த வேலையில் ஆள் சொல்லும் கணக்கை நம்புவது வழக்கமில்லை. முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து சீட் வரை ஒரு அளவு. பிறகு ஆள் எப்போதும் ஓட்டுகிற மாதிரி, ஹெல்மெட், ஷூ, பை எல்லாவற்றோடும் உட்கார்ந்ததும் மறுபடி ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பது. அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் போதும், மிச்சம் பள்ளம் மேட்டுக்கு வேண்டும். மச்சான் சுவரில் ஒரு கையை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்தால் எடை குறையும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அப்படியும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இதற்கு இரண்டு வழி உண்டு. சரியான வழி, கனமான ஆளுக்கென்று இருக்கிற தடித்த ஸ்பிரிங்கை மாட்டுவது. சுலபமான வழி, இருக்கிற ஸ்பிரிங்கின் அடியில் உள்ள வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் ஒரு படி திருகி, ஸ்பிரிங்கை இறுக்கிவிடுவது. இறுக்கினால் வண்டியின் உயரம் கூடும். ஸ்பிரிங்கின் பலம் கூடாது. குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டவர் உயரமாகத் தெரிவாரே தவிர, வளர்ந்துவிட மாட்டார் இல்லையா, அது மாதிரி.

அந்த வண்டிக்குப் பொருத்தமான தடித்த ஸ்பிரிங் ஒரு ஜோடி, எண்ணெய்த் தாள் சுற்றி, என் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நான் கையைத் தூக்கக்கூடச் செய்தேன். பிறகு யோசித்தேன். அதை மாட்டிவிட்டால் வண்டி அவரைச் சாகும்வரை தாங்கும். கையை இறக்கி ஸ்பேனரை எடுத்தேன். ஒரு படி.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாலு விரலும் நுழைந்தன. அக்கா நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "குறைஞ்சிருக்குங்க" என்றார். அன்று அந்த வீட்டில் நடந்த விருந்தை நான் மறக்க முடியாது. மச்சான் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். நான் கை கழுவும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறுக்கினால் நாலு விரல். நாலு விரலுக்கு விருந்து. விருந்துக்கு எடை. எடைக்கு மறுபடி ஸ்பேனர். நான் யாரையும் எதுவும் செய்யத் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வளையத்தைத் திருப்பினால் போதும், மற்றதை அன்பு பார்த்துக்கொள்ளும்.

அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் அன்பு மெதுவாக வேலை செய்கிறது. அதற்குக் கொஞ்சம் துணை தேவைப்பட்டது.

அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. என் மனைவி அந்தச் சமயத்தில்தான் ஓவன் ஒன்று வாங்கினாள். திடீரென்று கேக், பிஸ்கட், கிரீம் வைத்த பன் என்று ஒரே ஆர்வம். தினமும் நான் கிளம்பும்போது இரண்டு டப்பா கொடுப்பாள்.

"ஒண்ணு அண்ணனுக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"நீ சாப்பிடலையா?"

"எனக்கு கிரீம் ஒத்துக்காதுங்க. நீங்க மிச்சம் வைக்காம சாப்பிடுங்க."

பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. தன் கையாலேயே தன் அண்ணனை என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வெண்ணெயைக் குழைத்துக்கொண்டிருந்தாள். சில சமயம் எனக்கே அவளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

டாக்டர் மாலையில் நடக்கச் சொல்லியிருந்தார். மச்சானுக்குத் துணையாக நான் போனேன். வாசலிலிருந்து தெருமுனை பூங்கா பெஞ்சு வரை நடப்போம். அங்கே உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். தனியாகச் சாப்பிடச் சொன்னால் அவருக்குச் சந்தேகம் வருமே என்று நானும் என் பங்கைச் சாப்பிடுவேன். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. தொழில் என்றால் சில தியாகங்கள் இருக்கும். திரும்பி வரும்போது மச்சான் நெற்றியில் வேர்வை இருக்கும். அதைப் பார்த்து அக்காவுக்கு மனசு நிறையும்.

ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கினால் ஒரு கெடுதல் உண்டு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது ஆளைத் தூக்கிப் போடும். அது மச்சானுக்குத் தெரிந்துவிடுமோ என்று நான் கொஞ்சம் கவலைப்பட்டேன். ஒரு நாள் அவரே வந்தார்.

"மாப்பிள்ளை, வண்டி துள்ளுது. சீட்ட விட்டே எழும்புறேன்."

"அப்படியா மச்சான்?"

"நான் லேசாயிட்டேன்ல. அதான்." அவர் என் தோளில் கை வைத்தார். "டாக்டரால முடியல, உங்க அக்காவால முடியல. நீங்க கூட நடந்து வந்தீங்க பாருங்க, அதுதான் என்னைக் குறைச்சது. இந்த வயசுல இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான்?"

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் மனிதன்தானே. ஒரு பன்னை எடுத்துச் சாப்பிட்ட பிறகு சரியாகிவிட்டது.

இதற்குள் அவர் உத்தியோகத்திலும் சில விளைவுகள். தான் மெலிந்துவிட்டதாக உறுதியாக நம்பியதால், அவர் ஏறியதும் கத்துகிற லிஃப்ட் எல்லாம் அவருக்குப் பழுதான லிஃப்ட்டாகவே பட்டது. ஒவ்வொன்றாக மூடினார். ஒரு கட்டடத்தில் எட்டு மாடி ஆட்களும் படி ஏறினார்கள். அவர்கள் எல்லாரும் மெலிந்திருப்பார்கள். அந்த நன்மையை மட்டும் யாரும் என் பெயரில் சேர்ப்பதில்லை.

வளையத்தில் இருந்த எல்லாப் படிகளும் தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு பழைய இரும்புக் குழாயில் வளையம் வளையமாக அறுத்து, ஸ்பிரிங்குக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சொருகினேன். டிங்கரிங் ஆள் அடுக்கியது அவற்றைத்தான். வளையம் சேரச் சேர ஸ்பிரிங்குக்கு உள்ள இடம் குறையும். கடைசியில் சுருளும் சுருளும் முட்டும். அது எந்தப் பள்ளத்தில் நடக்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. மச்சான் விழுந்துவிடுவாரோ என்று யோசித்தேன். அந்த எடைக்கு வண்டி சாயாது, அப்படியே நிற்கும் என்று தோன்றியது. அந்த அளவுக்கு அவர் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இருந்தது.

இந்தக் காலத்தில் எனக்கும் சில சின்னத் தொந்தரவுகள். சலவைக்காரர் என் சட்டைகளைச் சுருக்கிவிட்டார். பட்டறை ஸ்டூலின் கால் ஒன்று முறிந்தது, இப்போது வருகிற மரம் எல்லாம் மட்டம். குனிந்து ஸ்பேனர் பிடிக்கும்போது மூச்சு முட்டியது, தூசு. இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வண்டியில் வந்தார்கள். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தடை. "டங்." தெருவே வெளியே வந்தது. மட்கார்டின் பிடி முறிந்து டயர்மேல் கிடந்தது. வண்டி நான் எதிர்பார்த்த மாதிரியே சாயாமல் நின்றது. அக்கா இறங்கினார். மச்சான் இறங்கினார். பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிருச்சு, மாப்பிள்ளை" என்றார். "என்னால முடியலைன்னு வண்டி சொல்லிருச்சு."

வாக்குத் தவறாத மனிதர். அத்தனை பேர் முன்னால் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்பதால் வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மட்கார்டு புதிதாக ஆனது. சொருகிய வளையங்கள் வெளியே வந்தன. ஸ்பிரிங்கைத் தளர்த்தி, மாமனார் காலத்தில் இருந்த முதல் படிக்கே கொண்டுவந்தேன். என்னை மாதிரி நடுத்தர உடம்புக்காரனுக்கு அதுதான் சரி. என்னை நான் அளக்கவில்லை. என் எடை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்ததுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். மச்சான், அக்கா, என் மனைவி, மட்கார்டு கூலி வாங்க வந்த டிங்கரிங் ஆள் எல்லாரும் இருந்தார்கள். சீட்டில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷக் கனவு. பின்னால் ஏதோ லேசாக உரசுகிற சத்தம் கேட்டது. புது மட்கார்டு, பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா பழக்க தோஷத்தில் குனிந்து கையை நீட்டினார். ஒரு முறை முயன்றார். கையைத் திருப்பி வைத்து இன்னொரு முறை முயன்றார்.

"தம்பி, ஒரு விரல்கூடப் போகலையே."

மச்சானுக்குத்தான் என் மேல் இரக்கம் வந்தது. "சென்சார் கோளாறா இருக்கும், மாப்பிள்ளை" என்றார்.

அந்தப் பதற்றத்தில்தான் நான் வாயை விட்டேன். ஒரு தொழில்காரனாகத்தான் சொன்னேன்.

"இது ஒரு விஷயமே இல்ல. தடிச்ச ஸ்பிரிங் ஒரு ஜோடி பட்டறைல இருக்கு. கனமான ஆளுக்குன்னே செஞ்சது. மாட்டினா எவ்வளவு வெயிட்டானாலும் தாங்கும்."

"அது எப்பலேர்ந்து இருக்கு?" அக்கா கேட்டார்.

"அது... கொஞ்ச நாளா."

"இவரு முதல் தடவ வந்தப்பவே இருந்துச்சா?"

மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு நல்ல லிஃப்ட்டைப் பார்த்து, இதைத் தப்பாக மூடிவிட்டோமோ என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அதற்கப்பால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இதுதான் நடந்தது. முழுப் பொறுப்பும் என்னுடையது. திட்டமும் என்னுடையது. அன்று என் மனைவி கைத்துண்டில் மாவைத் துடைத்துக்கொண்டு வந்து, சாவியை என் கையிலிருந்து எடுத்து, என்னை இறங்கச் சொல்லி, அவள் ஏறி உட்கார்ந்தாள். அக்காவின் கை நாலு விரலோடு நிற்காமல் கட்டைவிரலும் சேர்ந்து உள்ளே போனது. தாங்குற ஆளுக்குத்தான் வண்டி என்று மச்சானே முதலில் சொன்னார். அவள் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தாள். "உனக்கு மட்டும் எப்படிம்மா இவ்வளவு லேசா இருக்கு?" என்று அக்கா கேட்டதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள். டிங்கரிங் ஆள் இதையும் சேர்த்துத்தான் சொல்லித் திரிவார். நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவிக்குக் கொஞ்சம் வேடிக்கையாகப் பேசும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். கிளம்புமுன், ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஓவன் வாங்குன அன்னைக்கே கணக்குப் போட்டேன் அண்ணி, ரெண்டு பேருக்கும் எப்படியும் ஒரு வருஷமாவது ஆகும்னு."